கண்ணாடிக்கு அடிக்கிற தண்ணீர்

நான் பயந்த டிரைவர். வயதாகிவிட்டது, வண்டியையும் விற்றாகிவிட்டது, இனி இதைச் சொல்வதில் வெட்கமில்லை. திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டு ஸ்டாண்டில் வாடகைக் கார் ஓட்டிய வருஷங்கள் முழுவதும் பயந்துகொண்டேதான் ஓட்டினேன். மற்ற டிரைவர்களுக்கும் பயம் இருந்தது. ஒருவனுக்கு பிரேக் மேல் சந்தேகம், ஒருவனுக்கு டயர் மேல், இன்னொருவனுக்குப் போலீஸ்காரர் மேல். என் பயம் முன் கண்ணாடி மேல்.

கண்ணாடி உடைந்துவிடும் என்று பயமில்லை. மறைத்துவிடும் என்றுதான் பயம். ஓடுகிற வண்டியில் சேறோ புழுதியோ வந்து கண்ணாடியை மூடிவிட்டால் கை ஸ்டியரிங்கில் இருக்கும், கால் ஆக்சிலேட்டரில் இருக்கும், வண்டி போய்க்கொண்டே இருக்கும். ஓட்டுகிறவன் மட்டும் இருக்கமாட்டான். இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை.

எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் கீழ்பென்னாத்தூர் ரோட்டில் எனக்கு இது நடந்தது. மூன்று கை மாறி என்னிடம் வந்த அம்பாசிடர். வைப்பர் இருந்தது. கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கிற பம்ப் அதில் கிடையாது. அப்படி ஒரு சாமான் இருப்பதே எனக்குத் தெரியாது. கல்யாண வீட்டுக்காரர்களை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தேன். தூறல் அப்போதுதான் நின்றிருந்தது. எதிரே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றிய லாரி ஒன்று பள்ளத்தில் இறங்கி ஏறியது. அந்தப் பள்ளத்தில் இருந்த அத்தனை செம்மண் குழம்பும் என் கண்ணாடிக்கு வந்து சேர்ந்தது.

வைப்பரைப் போட்டேன். அது சேற்றைத் துடைக்கவில்லை, மெழுகியது. சாணி மெழுகின தரை மாதிரி கண்ணாடி முழுக்க ஒரே சீராக ஆகிவிட்டது. நாலு எண்ணுகிற நேரம் இருக்கும். அந்த நாலு எண்ணுகிற நேரமும் வண்டி ஓடியது. பிறகு இடது பக்கம் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது.

நிறுத்தி இறங்கினேன். ரோட்டோரம் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தாள். அவள் தலையில் சுமந்து வந்த புல்லுக்கட்டு என் பானெட் மேல் அவிழ்ந்து கிடந்தது. அவள் விலகி விழுந்ததில் புல்லுக்கட்டு மட்டும்தான் வண்டியில் மோதியிருந்தது, வண்டி அவள் மேல் படவில்லை. அவள் தன் கையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், எழுந்து நின்று புடவையைத் தட்டிக்கொண்டாள். அப்புறம் ஆரம்பித்தாள்.

"கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது உனக்கு? ரோடு உங்க அப்பன் ஊட்டுதா?"

வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அவள் திட்டினபோது மட்டும்தான் சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது. திட்டுகிறவள் உயிரோடு இருக்கிறாள் அல்லவா. சிதறின புல்லையெல்லாம் பொறுக்கிக் கட்டி அவள் தலையில் தூக்கிவைத்தேன். "பாத்துப் போ," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துக்கொண்டே இருந்தேன். என் மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. கேட்டாள், சொன்னேன்.

"உங்களுக்கு ஒண்ணு ஆயிடுமோனு நான் தெனமும்தான் பயப்படறேன், அது பழகிப்போச்சு," என்றாள். "இது வேற. உங்க கையால ஒரு உயிரு போயிட்டா, அப்புறம் நீங்க நல்லா இருந்தும் இல்லாத மாதிரிதாங்க."

அடுத்த பௌர்ணமியிலிருந்து மாதம் தவறாமல் மலை சுற்றுவதாக அவள் வேண்டிக்கொண்டாள். எனக்காக இல்லை. என் வண்டிக்கு முன்னால் நடக்கிற யாரோ ஒருவருக்காக. வேண்டுதலை என்னிடம் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் பங்குக்கு அவள் செய்தாள். என் பங்குக்கு நான் மெக்கானிக்கிடம் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் தகரக் கொட்டகையில் கடை வைத்திருந்தவர், எனக்கு ஒன்றிரண்டு வயது மூத்தவர். அவரை எல்லோரும் அண்ணன் என்போம், நானும் அப்படித்தான். கதையைக் கேட்டுவிட்டு, மெட்ராஸ் போகும்போது புதுப்பேட்டையில் பழைய சாமான் கடைகளில் தேடி ஒரு கைப்பம்ப் வாங்கி வந்தார். தண்ணீர் ஊற்ற ஒரு பிளாஸ்டிக் டப்பா, ஒரு ரப்பர் டியூப், டேஷ்போர்டுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்துகிற ஒரு பட்டன், கண்ணாடிக்கு முன்னால் பானெட் மேல் வைக்க, தண்ணீர் பீய்ச்சுகிற இரண்டு சின்ன நாசில். மிளகு அளவுக்குத்தான் இருக்கும் ஒவ்வொன்றும். அதன் நடுவில் ஊசிமுனை போல ஒரு துளை. அதற்காகப் பானெட்டில் இரண்டு ஓட்டை போட்டார்.

"மூக்கு குத்தியாச்சுபா உன் பொண்ணுக்கு," என்றார்.

முதல் முறை அழுத்தினேன். இரண்டு கோடாகத் தண்ணீர் எழும்பிக் கண்ணாடியில் விழுந்தது, வைப்பர் வந்து வழித்துப் போட்டது. ரோடு பளிச்சென்று தெரிந்தது. கொட்டகைக்குள் உட்கார்ந்து டப்பா காலியாகும் வரைக்கும் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

பம்ப் வந்தால் பயம் போகும் என்று நினைத்தேன். அது இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. அதுவரைக்கும் கண்ணாடி மறைத்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். இப்போது தண்ணீர் வராவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

பயப்பட்டதும் வீண் இல்லை. எங்கள் தெருக் கிணற்றில் உப்புத் தண்ணீர். அதைத்தான் முதலில் ஊற்றினேன். ஒரு மாதத்தில் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது, நாசில் வாயிலும் சுண்ணாம்பு மாதிரி கட்டிக்கொண்டது. இரண்டு கோடாக வந்த தண்ணீர் ஒன்றாகி, ஒன்றும் வளைந்து பானெட்டிலேயே விழுந்தது. குழாய்த் தண்ணீருக்கு மாறினேன். அதில் சோப்புத் தூள் கலந்தால் நன்றாக எடுக்கும் என்று ஸ்டாண்டில் ஒருவன் சொன்னான். கை நிறையப் போட்டேன். திண்டிவனம் ரோட்டில் உச்சி வெயிலில் கண்ணாடி முழுக்க நுரை காய்ந்து, சீக்காளி கண் மாதிரி பீளை கட்டியது. ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் பூச்சிக் கறை போகும் என்றான் இன்னொருவன். அதையும் கேட்டேன். எதிர் வண்டி வெளிச்சம் பட்டதும் கண்ணாடியில் ஏழு நிறமும் ஓடியது, ரோடு மட்டும் தெரியவில்லை. யோசனை சொன்னவன் அன்றைக்கு என் பக்கத்தில் இருந்திருந்தால் அவனை இறக்கி நடக்கவிட்டிருப்பேன்.

ரமணாசிரமம் பக்கம் வாடகை அறையில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா அடிக்கடி என் வண்டியில் வருவார். அவர்கள் நாட்டில் இதற்கென்றே நீல நிறத்தில் ஒரு மருந்துத் தண்ணீர் விற்கிறதாம். பனிக்காலத்தில் உறைந்துபோகாமல் இருக்க அதில் ஏதோ சாராயச் சத்து கலப்பார்களாம். இந்த ஊரில் தண்ணீர் உறையாது, கொதிக்கத்தான் கொதிக்கும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அந்த அம்மா வெகுநேரம் சிரித்தார். ஆனால் அந்தப் பேச்சிலிருந்து எனக்கு ஒரு வழி கிடைத்தது. கம்பவுண்டரிடம் ஊசி போடுமுன் துடைக்கிற ஸ்பிரிட் கொஞ்சம் கேட்டு வாங்கினேன். மழைத் தண்ணீரைப் பிடித்து, பழைய வேட்டியை நாலாக மடித்து வடிகட்டி, ஒரு டப்பாத் தண்ணீருக்கு ஒரு மூடி ஸ்பிரிட், நுனிவிரலில் எடுத்த சோப்பு. கறை எடுத்தது, கோடு விழவில்லை, வாசனையும் ஆஸ்பத்திரி மாதிரி நம்பிக்கையாக இருந்தது. கடைசி வரைக்கும் என் வண்டியில் அதுதான்.

அதோடும் முடியவில்லை. வண்டி ஓடாமல் ஒரு வாரம் நின்றால் டப்பாவுக்குள் பாசி பிடிக்கும். ஸ்பிரிட் தீர்ந்துபோய் வெறும் தண்ணீர் விட்ட ஒரு சமயம் கொசுப் புழு நெளிந்தது, அதில் ஒன்று டியூப் வழியாக ஏறி நாசிலில் மாட்டிக்கொண்டது. டியூப் முனையில் மல்துணி கட்டினேன். வாரத்துக்கு ஒரு முறை டப்பாவைக் கழற்றிக் கழுவினேன். துளையைக் குத்த ஒரு ஊசியும் சரிப்படவில்லை. பருத்தது நுழையாது, மெலிந்தது வளைந்துவிடும். சரிப்பட்டது என் மனைவியின் ஸ்டவ் பின்தான். அந்தக் காலத்தில் பம்ப் ஸ்டவ் இருந்த எல்லா வீட்டிலும் அது இருக்கும்: ஒரு தகரத் துண்டு, அதன் நுனியில் மயிரிழை போல ஒரு கம்பி. ஸ்டவ் அடைத்துக்கொண்டால் அதால்தான் குத்துவார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் சமையல் முடிந்ததும் அதை எடுத்துப் போய் என் நாசில் இரண்டையும் குத்திவிட்டு, திரும்பக் கொண்டுவந்து அடுக்களை ஆணியில் மாட்டிவிடுவேன்.

தினமும் காலையில் வண்டி எடுக்குமுன் இரண்டு அழுத்து அழுத்திப் பார்ப்பது வழக்கமாயிற்று. ஸ்டாண்டுக்குப் போனதும் இன்னொரு தடவை. "பன்னீர்ச் செம்பு வந்துட்டாருடா, கல்யாணத்த ஆரம்பிங்க," என்பார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று மெக்கானிக் அண்ணனே முகத்துக்கு நேராகச் சொன்னார். புல்லுக்கட்டுச் சத்தம் என் காதில் விழுந்தது, அவர்கள் காதில் விழவில்லை.

எங்கள் ஊர் ரோட்டில் ஓட்டுகிறவனுக்குப் பயம் ஏன் கூடுதல் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டும். மலை சுற்றுகிறவர்கள் மலையை வலப்புறம் வைத்துத்தான் நடப்பார்கள். மலையை ஒட்டின ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் சித்தர்கள் நடக்கிறார்கள் என்று நம்பிக்கை, அதனால் ஜனங்கள் ரோட்டின் இடது ஓரமாகவே போவார்கள். ஊரிலிருந்து செங்கம் பக்கம் போகிற வண்டிக்கும் அதே இடது ஓரம்தான். ஆசிரமத்தைத் தாண்டிச் சுற்றுப்பாதை அடி அண்ணாமலைப் பக்கம் திரும்புகிற வரைக்கும் உங்கள் வண்டிக்கு முன்னால் வெறுங்காலோடு போகிற அத்தனை பேரும் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் உங்களைப் பார்ப்பதில்லை. நீங்கள் பார்ப்பீர்கள் என்று நம்பி நடக்கிறார்கள். பௌர்ணமியன்று அந்த முதுகுகளைப் பார்த்தாலே வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிடுவேன். அவற்றில் ஒன்று என் மனைவியின் முதுகு.

எண்பதுகள் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, மாலை போட்டு, கண்ணாடி உச்சியில் விபூதிப் பட்டை இழுத்தேன். சக்கரத்துக்கு நாலு எலுமிச்சம்பழம் எடுத்து வைத்தேன். என் மனைவி சந்தனத்தை உரைத்துக் கிண்ணத்தில் கெட்டியாகக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்தாள். ஸ்டியரிங், ஹாரன், விளக்கு, பானெட். எங்கள் ஊரில் ஆயுத பூஜைக்குப் பொட்டில்லாமல் ஒரு சாமானும் தப்பாது. முறத்துக்கும் வைப்பார்கள், அரிவாள்மணைக்கும் வைப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் வைத்து முடித்துவிட்டுக் கிண்ணத்தோடு அவள் உள்ளே திரும்பினாள். நான்தான் கூப்பிட்டேன்.

"இந்தா, இதுங்களுக்கு வெக்கலியே."

"எதுக்குங்க?"

"இந்த ரெண்டுக்கும்தான். நம்மளக் காப்பாத்தறதே இதுங்கதானே."

அவள் சிரித்தாள். மோதிர விரலால் சந்தனத்தை வழித்து இரண்டு நாசில் மேலும் நன்றாக அழுத்தி வைத்தாள், அதன் மேல் குங்குமம் வைத்தாள். இரண்டும் பொட்டு வைக்கவே செய்ததுபோல இருந்தன. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பயந்தவன் புத்தி எங்கே போகும் பாருங்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை அங்கேதான் ஆரம்பம்.

பூஜைப் பொட்டை நாமாகக் கழுவக்கூடாது, தானாக உதிரவேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் மறுநாள் காலையில் நான் பட்டனை அழுத்தவில்லை. அழுத்தினால் பொட்டு கரைந்துவிடும் அல்லவா. வருஷக்கணக்காக ஒரு நாள் தவறாமல் அழுத்திப் பார்த்தவன், அந்த நாலைந்து நாள் மட்டும் பார்க்கவில்லை. நல்ல வெயில் வேறு. பௌர்ணமிக்கு முந்தின நாள் மாலை மேகம் கட்டியதும் பொட்டு நனைந்துவிடுமே என்று வண்டியின் மேல் தார்ப்பாய் போட்டு மூடினேன். என் கையாலேயே மூடினேன்.

இரவு நல்ல மழை. விடிந்ததும் வெறித்திருந்தது. சாயங்காலம் திரும்பவும் பிடித்துக்கொள்ளும் என்று என் மனைவி காலையிலேயே மலை சுற்றக் கிளம்பினாள். கிளிப்பச்சைப் புடவை. ஏழு மணிக்குக் கோபுரத்திலிருந்து புறப்பட்டால் எட்டு மணிக்குச் செங்கம் ரோட்டில்தான் நடந்துகொண்டிருப்பாள்.

எட்டு மணிக்கு எனக்குப் பெங்களூர் சவாரி. ஆசிரமத்துக்குப் பக்கத்தில் தங்கியிருந்த வயதான தம்பதியை ஏற்றிக்கொண்டேன். இருவரும் பின்சீட்டில், அந்த அம்மா இடது பக்கம், பெரியவர் வலது பக்கம் பேப்பரை விரித்துக்கொண்டு. ரோட்டில் அங்கங்கே தண்ணீர் தேங்கியிருந்தது. இடது ஓரம் கும்பல் கும்பலாக ஜனங்கள் போனார்கள். மெதுவாகத்தான் போனேன். கொஞ்ச தூரத்தில் ஒரு கிளிப்பச்சைப் புடவையின் முதுகு தெரிந்தது. அவளாகத்தான் இருக்கும், பக்கத்தில் போனதும் ஹாரன் அடிக்காமல் கை காட்டிவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன்.

அப்போது எதிரே வந்த பஸ் பள்ளத்தில் இறங்கியது.

ஒரே அடியில் கண்ணாடி சிவந்துபோனது. கை தானாக வைப்பரைப் போட்டது, கட்டைவிரல் தானாகப் பட்டனை அழுத்தியது. பட்டன் உள்ளே போகவில்லை. கல் மாதிரி நின்றது. பலங்கொண்ட மட்டும் அழுத்தினேன். டேஷ்போர்டுக்குக் கீழே பட்டென்று டியூப் கழன்றது. வேட்டி கட்டி வடித்த தண்ணீர் முழுவதும் என் பாதத்தில் கொட்டியது. கண்ணாடிக்கு ஒரு சொட்டு வரவில்லை. ஸ்பிரிட் வாசனை வந்தது. வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் மெழுகிக்கொண்டிருந்தது.

அந்த நிமிஷம் எனக்கு என்ன ஏது என்று எல்லாம் தெரிந்துவிட்டது. பொட்டு.

அழுத்தி பிரேக் போட்டால் அந்தச் சேற்றில் வண்டி வழுக்கும். வழுக்கினால் இடது பக்கம்தான் இழுக்கும், இடது பக்கம்தான் ஜனம். வலது பக்கம் ஒடிக்கலாம் என்றால் எதிரே இன்னும் என்ன வருகிறது என்று தெரியவில்லை. ஹாரனை அழுத்தினேன். பௌர்ணமியில் எல்லா வண்டியும் ஹாரன் அடித்துக்கொண்டுதான் போகும், எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். ரோட்டின் வலது பாதி தெரிந்தது. எனக்குத் தெரியவேண்டியது இடது பாதி. அங்கேதான் அந்தப் பச்சைப் புடவை போய்க்கொண்டிருந்தது. எத்தனை அடி தூரத்தில் என்று தெரியாது.

"அம்மா, அந்தப் பக்கம் தல நீட்டிப் பாருங்கமா, ஆளு இருக்காங்களா பாருங்க," என்று கத்தினேன்.

பெரியவர், "என்னப்பா, என்ன ஆச்சு?" என்றார். அந்த அம்மா எதுவும் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிவிட்டார். "இருக்காங்க. நேரா முன்னாடி. நிறுத்துப்பா, நிறுத்து, நிறுத்து."

பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக மிதித்தேன். முழுக்க மிதிக்கவேண்டும் என்று கால் துடித்தது, அதை நான் பிடித்துவைத்தேன். அவ்வளவு பயத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை. தொப்பென்ற அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டே மிதித்தேன். வண்டி ஒரு முழம் இடது பக்கம் நழுவிவிட்டு நின்றது. சத்தம் எதுவும் கேட்கவில்லை.

இறங்கினேன். பம்பருக்கும் பச்சைப் புடவைக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம்கூட இல்லை. அவள் நின்றிருக்கவும் இல்லை. தன் பாட்டுக்கு நடந்துபோய்க்கொண்டிருந்தாள். தோளில் ஒரு கைக்குழந்தை, தலையைப் பின்பக்கம் போட்டுக்கொண்டு, வாயில் விரலை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தது. என் மனைவி இல்லை. யாரோ. கடைசி வரைக்கும் அவள் திரும்பவே இல்லை.

என் மனைவி இல்லை என்று தெரிந்ததும் முதலில் எனக்கு நிம்மதிதான் வந்தது. அந்த நிம்மதிக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அந்தக் குழந்தை பார்வைக்கு எட்டாமல் போகிற வரைக்கும் அங்கேயே நின்றேன். அப்புறம் தோள்துண்டைச் சேற்றுத் தண்ணீரில் நனைத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். பெரியவர் எங்கிருந்தோ ஒரு குடம் தண்ணீர் வாங்கிவந்து ஊற்றினார். பெங்களூரில் இறங்கும்போது அந்த அம்மா, "உங்க வீட்டுல யாரோ சாமி கும்பிடறாங்கப்பா," என்றார்.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். மனைவி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். ஆணியிலிருந்து ஸ்டவ் பின்னை எடுத்துப் போய் நாசிலைக் குத்தினேன். காய்ந்த சந்தனம் தூளாகவும் கட்டியாகவும் வந்தது. ஊதிப் பார்த்து, டியூப்பை மாட்டி, தண்ணீர் விட்டு அழுத்திப் பார்த்தேன். இரண்டு கோடும் சரியாக எழும்பின. பின்னை வேட்டியில் துடைத்து ஆணியில் மாட்டினேன்.

அவளிடம் சொல்லவில்லை. வைக்கச் சொன்னது நான். ஆனால் வைத்தது அவள் விரல். மாதம் தவறாமல் வெறுங்காலில் நடந்து எந்த உயிருக்காக அவள் வேண்டிக்கொண்டாளோ, அந்த உயிர் அவள் விரலால் போகப் பார்த்தது என்று எப்படிச் சொல்வது? தெரிந்தால் அப்புறம் அவள் ஒரு பொட்டை நிம்மதியாக வைப்பாளா? என்னோடு போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்கு மறுநாளிலிருந்து ஒரு புது வழக்கம் வந்தது. நான் சாவியை எடுக்கும்போது அடுக்களையிலிருந்து, "தண்ணி அடிச்சிப் பாத்தீங்களா?" என்று கேட்பாள். அதுவரைக்கும் கேட்டதில்லை. பார்த்தேன் என்பேன். ஒரு நாள் தவறினதில்லை, ஜுரத்தில் படுத்திருந்தபோதுகூடப் படுக்கையிலிருந்தே கேட்டாள். ஸ்டாண்டுக்காரர்கள் மாதிரி இவளும் கேலி செய்ய ஆரம்பித்துவிட்டாளோ என்று எனக்கு ஒரு நாள் கோபம்கூட வந்தது.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. அவள் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். ஸ்டியரிங்குக்கு வைத்தாள், ஹாரனுக்கு வைத்தாள், விளக்குக்கு வைத்தாள். பானெட் பக்கம் வந்தாள். என்ன சொல்லித் தடுப்பது என்று காலையிலிருந்து யோசித்தும் ஒன்றும் தோன்றவில்லை. குனிந்து இரண்டு நாசில் மேலும் இரண்டு கட்டைவிரலை வைத்து மூடிக்கொண்டேன். ஏதோ துடைக்கிறவன் மாதிரி அப்படியே நின்றேன்.

அவள் நின்று என் கையைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியுங்க," என்றாள்.

"என்னாது?"

"போன வருஷம் நீங்க பெங்களூர் போயிட்டு வந்தன்னிக்கி ஸ்டவ்வு அடைச்சிக்கிச்சு. ஆணியிலருந்து ஸ்டவ் பின்ன எடுத்துக் குத்திட்டுப் பத்த வெச்சேன். சந்தன வாசன வந்துச்சு."

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு வருஷம் முழுவதும் அதை வைத்துக்கொண்டு சமைத்திருக்கிறாள், சோறு போட்டிருக்கிறாள், மலை சுற்றியிருக்கிறாள்.

"யாருக்காவது எதனா ஆச்சா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்க அவளுக்கு ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"இல்ல. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல."

"சத்தியமா?"

"சத்தியமா. ஒரு கொழந்த என்னப் பாத்துச்சு, அவ்ளோதான்."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கையை எடுங்கள் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. மோதிர விரலால் சந்தனத்தை வழித்து, நாசிலை மூடியிருந்த என் இரண்டு கட்டைவிரல் நகத்தின் மேலும் அழுத்திப் பொட்டு வைத்தாள். அதன் மேல் குங்குமம் வைத்தாள். பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு முறத்துக்கு வைக்கப் போனாள்.